நூறு நாள் தண்டல்: பத்தாயிரத்தின் உண்மையான வட்டி என்ன?

பத்தாயிரம் ரூபாய் தண்டல் எடுத்தால் கையில் வருவது 8,500. மீதி 1,500 ரூபாயை வட்டி என்று அப்போதே பிடித்துக்கொள்வார்கள். மறுநாளிலிருந்து தினம் நூறு ரூபாய், நூறு நாள் கட்ட வேண்டும். வசூலுக்கு வருகிறவர் பைக்கை ஆஃப் பண்ணாமலே கை நீட்டுவார், அட்டையில் ஒரு கட்டத்தில் கிறுக்குவார், அடுத்த கடைக்குப் போய்விடுவார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் பக்கமோ, லாரன்ஸ் ரோட்டிலோ, பான்பரி மார்க்கெட்டிலோ சாயங்காலம் அரை மணி நேரம் நின்றால் இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பார்த்துவிடலாம். ஆளுக்கு ஆள் பிடித்தம் மாறும். சிலர் ஆயிரத்தோடு விடுவார்கள், சிலர் இரண்டாயிரம் பிடிப்பார்கள். மற்றபடி ஏற்பாடு ஒன்றுதான்.

பூக்காரம்மாவிடம் "எவ்ளோ வட்டிக்கு எடுத்தீங்கக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறுப்பா" என்பார். நூற்றுக்குப் பதினைந்து என்று நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். கிரெடிட் கார்டு வட்டியைவிடக் குறைவாக இருக்கிறதே என்றுகூடத் தோன்றும். அங்கேதான் கணக்கு பிசகுகிறது.

முதலில், அவர் வாங்கிய கடன் பத்தாயிரம் இல்லை, 8,500. கைக்கு வராத பணத்தைக் கடன் என்று சொல்ல முடியாது. இரண்டாவதாக, அந்த 8,500-ம் நூறு நாளும் அவரிடம் இருக்கவில்லை. முதல் நாளே நூறு திரும்பப் போகிறது, பத்தாம் நாள் முடிவில் ஆயிரம் போய்விட்டது, ஐம்பதாம் நாள் பாதி அட்டை நிரம்பிவிட்டது. கடைசி வாரத்தில் அவரிடம் இருக்கும் தண்டல்காரர் பணம் சில நூறு ரூபாய்தான். மொத்தத்தில் சராசரி பார்த்தால், நூறு நாளும் அவர் கையில் புழங்கியது நாலாயிரத்துச் சொச்சம். அந்த நாலாயிரத்துச் சொச்சத்துக்குத்தான் மூன்று மாதத்தில் 1,500 வட்டி.

நாள் நாளாகப் போட்டுப் பார்த்தால் ஒரு நாளைக்கு நூற்றுக்கு 33 பைசா வருகிறது. மாதத்துக்குப் பத்து ரூபாய். நம் ஊர்ப் பேச்சில் இது பத்து வட்டி, ஆண்டுக்கு 120 சதவீதம். பிடித்தம் ஆயிரம் மட்டும் என்றால் ஆறரை வட்டிக்குக் கொஞ்சம் கீழே. இரண்டாயிரம் பிடித்தால் பதினாலு வட்டியை ஒட்டி வரும். இதோடு ஒப்பிட்டால், வங்கியில் ஆண்டுக்கு ஒன்பது சதவீதத்துக்கு நகையை வைத்தால் அது முக்கால் வட்டி. பத்து வட்டிக்குக் கடன் வாங்கு என்று நேரே சொன்னால் அந்தப் பூக்காரம்மாவே "போடா வேலையப் பாத்துக்கிட்டு" என்று திட்டுவார். தினம் நூறு ரூபாய் என்று நறுக்கிக் கொடுத்துவிட்டதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, தண்டல் எடுக்கிறவர்கள் கணக்குத் தெரியாத அப்பாவிகள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வியாபாரத்தில் வட்டியைத் தனியாகப் பார்க்க முடியாது. போட்ட பணம் எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் இதை ரொட்டேஷன் என்பார்கள்.

பூவையே எடுத்துக்கொள்வோம். காலையில் மூவாயிரம் ரூபாய்க்கு மல்லியும் முல்லையும் எடுக்கிறார். இரவுக்குள் 3,900-க்கு விற்கிறார். பூக் கட்டுகிறவருக்குக் கூலி, நார், வாடிப்போன கடைசி முழங்கள் எல்லாம் போக 500 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு தண்டலுக்கு, நானூறு வீட்டுக்கு. மறுநாள் காலை மறுபடி அதே மூவாயிரம் மண்டிக்குப் போகிறது. ஒரே நாளில் போட்ட பணம் திரும்பி, நூற்றுக்குப் பதினாறு ரூபாய்க்கு மேல் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் தண்டலின் 33 பைசாவை வைத்தால் அது ஒரு பொருட்டே இல்லை.

தண்டல் எடுக்காவிட்டால் அவருக்கு இருக்கும் வேறு வழி என்ன என்பதையும் பார்க்க வேண்டும். காசு கொடுத்துப் பூ எடுத்தால் கிலோ 400, சாயங்காலம் தருகிறேன் என்று கடனுக்கு எடுத்தால் 410 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் நூற்றுக்கு இரண்டரை ரூபாய், அதுவும் ஒரே நாளுக்கு. தண்டல் வட்டியைப்போல ஏழு மடங்குக்கு மேல். ரொக்கத்தோடு மண்டிக்குப் போகிறவர் நல்ல பூவைப் பொறுக்கியும் எடுக்கலாம், கடனுக்கு நிற்கிறவருக்குக் கொடுத்ததுதான். ஆகவே தண்டலை வாங்கி ரொக்கத்துக்குப் பூ எடுப்பது புத்திசாலித்தனம்தான்.

மளிகைக் கடைக்காரருக்கு இந்தத் தலைவலி குறைவு. சோப்பு, பிஸ்கட் போடுகிற சேல்ஸ்மேன் பில் டு பில் கணக்கில் தருவார். போன வாரச் சரக்குக்கு இந்த வாரம் பணம். ஒரு வாரம் வட்டியில்லாத முதல் அது. பூவுக்கும் மீனுக்கும் அப்படித் தர எந்தக் கம்பெனி சேல்ஸ்மேனும் வருவதில்லை.

சரி, தண்டல் நன்றாக ஓடுகிறதா, ஆளை முழுங்குகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையைப் பார்க்க வேண்டாம். காலையில் சரக்கெடுக்கக் கொண்டுபோகிற பணத்தைப் பாருங்கள். போன மாதம் மூவாயிரம், இந்த மாதமும் மூவாயிரம் என்றால் தவணை லாபத்திலிருந்து போகிறது. நூறாம் நாள் அந்த மூவாயிரம் முழுக்க அவருடைய சொந்தப் பணம். மூவாயிரம் 2,700 ஆகி, 2,200 ஆகி, ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாத நாட்களில் 1,500 ஆகிவிட்டது என்றால் தவணை முதலிலிருந்து போகிறது. அட்டையில் ஒரு கட்டம்கூட விடாமல் கட்டியிருப்பார், நல்ல பெயரும் இருக்கும். நூறாம் நாள் கடனும் இருக்காது, முதலும் இருக்காது. அடுத்த தண்டலை எடுத்தால்தான் கடை.

புதுப்பிப்பு என்கிற விஷயம் இங்கேதான் வருகிறது. நூறு நாள் முடியட்டும் என்று காத்திருக்க மாட்டார்கள். எழுபதாம் நாள் வாக்கில் வசூலுக்கு வருகிறவரே கேட்பார், "அக்கா, நல்லா கட்டிட்டு வர்றீங்க, புதுசா ஒன்னு போட்டுக்கிறீங்களா?" சரி என்றால் புதுப் பத்தாயிரத்தில் 1,500 பிடித்தம். பழைய பாக்கி 3,000 பிடித்தம். கையில் வருவது 5,500. அந்தப் பழைய 3,000-க்கு வட்டி எழுபது நாளுக்கு முன்னாலேயே பிடித்தாகிவிட்டது, இப்போது அதே மூவாயிரத்துக்கு மறுபடியும் 450 ரூபாய். பத்து வட்டியாக இருந்தது பதினொன்றைத் தாண்டிவிடும். வட்டி ஏறுவதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. 5,500-ஐ வைத்துக்கொண்டு மறுபடி முழுதாக நூறு நாள், தினம் நூறு ரூபாய். முன்னே 8,500-க்குக் கட்டிய அதே நூறு.

நூறு நாள் முடிந்து அடுத்ததை எடுத்தே தீர வேண்டும் என்கிற நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஐயாயிரமாக எடுங்கள். கையில் 4,250 வரும், தவணை தினம் ஐம்பது. மிச்ச ஐம்பதையும் வழக்கம்போலக் கல்லாவிலிருந்து எடுத்துத் தனியே போடுங்கள், உண்டியலோ தபால் நிலையச் சேமிப்புக் கணக்கோ. நூறு நாள் கழித்து உங்கள் பெயரில் ஐயாயிரம் நிற்கும். சொல்வது சுலபம், நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், மாமியார் வீட்டில் காதுகுத்து வரும் என்பதெல்லாம் தெரிந்ததுதான். பாதி சேர்ந்தாலும் அடுத்த கடன் பாதியாகும்.

இதுவரை பேசியது ஒரே நாளில் திரும்பும் வியாபாரம். பூ, மீன், இட்லி, கீரை, இளநீர். தண்டல் என்கிற ஏற்பாடே இவற்றுக்குத் தோதாக அமைந்தது. தினம் வரும் காசுக்குத் தினம் ஒரு தவணை. ஆனால் பேட்டையில் கடைகள் அப்படியே இருக்கின்றனவா? எஸ்.டி.டி. பூத் இருந்த இடங்களில் மொபைல் சர்வீஸ், கேசட் கடை இருந்த இடங்களில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், போட்டோ பிரிண்ட். வீட்டு முன்னறையில் ஆரி வேலைப்பாட்டு பிளவுஸ், மாடியில் டியூஷன், திண்ணையை இடித்துவிட்டு மாவுக் கடை. இவற்றில் பலவற்றில் போட்ட பணம் ஒரு நாளில் திரும்பாது. கடன் மட்டும் பழைய நூறு நாள் கடன்.

மொபைல் கவர் விற்கும் கடையை நினைத்துப் பாருங்கள். 8,500 ரூபாய்க்குக் கவரும் டெம்பர் கிளாஸும் வாங்கி மாட்டினால் சுவர் நிறைந்து பார்க்க நன்றாக இருக்கும். எல்லாம் விற்றுத் தீர இரண்டு மாதமாவது ஆகும். ஆனால் தவணை நாளையே ஆரம்பிக்கிறது. முப்பதாம் நாள் மூவாயிரம் கட்டியிருப்பார், விற்ற சரக்கின் அசலில் பெரும்பகுதி அதற்கே போயிருக்கும். இதற்குள் புது மாடல் வந்திருக்கும். பழைய மாடல் கவரைப் பாதி விலைக்குக் கூவினாலும் அந்த போனை வைத்திருப்பவர் வந்தால்தானே விற்கும்? பூ வாடுவது கண்ணுக்குத் தெரிகிறது, இரவே தூக்கிப் போட்டுவிடலாம். கவர் வாடுவது தெரியாது. அது முதலாகவே கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்.

மாவுக் கடைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த உதாரணம், ஏனென்றால் ஒரே கடைக்குள் இரண்டு வேகம் இருக்கிறது. நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. இன்று ஊறவைத்தது இன்றே அரைபட்டு நாளை காலைக்குள் விற்றுவிடும். புளித்துவிட்டால் தோசைக்கு என்று விலையைக் குறைத்துத் தள்ளலாம், அதற்கு மேல் வைக்க முடியாது. அரிசி, உளுந்துக்குப் போடும் பணம் பூவைப் போல ஒரு நாள் பணம். ஆனால் கிரைண்டர்? பெரிய டில்டிங் கிரைண்டர் ஒன்று முப்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த முப்பதாயிரம் தினம் ஒரு துளியாகத்தான், பல வருடத்தில் திரும்பும்.

கிரைண்டரையும் தண்டலிலேயே வாங்கினால் என்ன ஆகும்? கையில் முப்பதாயிரம் வர 35,300-க்கு எழுத வேண்டும், தினம் 353 ரூபாய். புதுக் கடை, ஒரு நாளைக்கு நானூறு மிஞ்சினாலே பெரிது. 47 ரூபாயை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் நூறு நாள் ஓட்ட முடியாது, அரிசிப் பணத்தில் கை வைப்பார்கள். பத்துக் கிலோ அரைத்த இடத்தில் ஆறு கிலோ அரைப்பார்கள். ஆறு மணிக்கே மாவு தீர்ந்துவிட்டது என்றால் வாடிக்கை அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதே முப்பதாயிரம் வங்கியில் 12 சதவீதத்துக்கு மூன்று வருடத் தவணையில் கிடைத்தால் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு நாலு ரூபாய் குறைவு. தினக் கணக்குக்கு 33 ரூபாய்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மொத்த வட்டியைக் கூட்டிப் பார்த்தால் தண்டலில் போவது 5,300, வங்கியில் மூன்று வருடத்தில் போவது 5,900-க்குச் சற்றுக் குறைவு. ரூபாயில் பார்த்தால் வங்கிதான் அதிகம்! "பேங்க்ல போட்டா இன்னும் கூடுதலா கட்டணும்பா" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று வருடம் பயன்படுத்தும் பணத்துக்கும் மூன்று மாதத்தில் பிடுங்கப்படும் பணத்துக்கும் உள்ள வித்தியாசம் மொத்தத் தொகையில் தெரியாது. தினம் 353-ஆ, 33-ஆ என்பதில்தான் தெரியும்.

சரக்குக்கும் இல்லாமல் சாதனத்துக்கும் இல்லாமல் ஸ்கூல் ஃபீஸுக்கு, ஆஸ்பத்திரிக்கு, வளைகாப்புக்குத் தண்டல் எடுப்பதும் நடக்கிறது. அந்தப் பணம் திரும்பியே வராது. அப்படியென்றால் பத்து வட்டி உண்மையிலேயே பத்து வட்டிதான். வீட்டில் கொஞ்சம் நகை இருந்தால் அடகு எவ்வளவோ மேல். இல்லாதவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை, இரவு ஏழு மணிக்கு ஒரு பேப்பரும் கேட்காமல் எண்ணிக் கொடுக்கிற ஆள் தண்டல்காரர் ஒருவர்தான் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கடலூருக்கென்று தனியாக ஒரு கணக்கு உண்டு, மழை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் இந்தக் கடலூர்–புதுச்சேரி கரையில்தான் கடந்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்தது. இப்படிப்பட்ட வாரத்தில் கடையே திறக்க முடியாது, அட்டையில் கட்டங்கள் காலியாக இருக்கும். சில தண்டல்காரர்கள் விட்ட நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள், சிலர் அபராதம் போடுவார்கள். வாங்கும்போதே கேட்டுவைக்க வேண்டிய கேள்வி இது, பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கும் பெண்களுக்கு வருடா வருடம் தேதி தெரிந்தே ஒரு இடைவெளி வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. பைபர் படகு மீன் வரும், ஆனால் கம்மியாக, விலை ஏறி. மார்ச் நடுவில் எடுத்த நூறு நாள் தண்டல் அந்த 61 நாளை அப்படியே விழுங்கிக்கொண்டு ஓடும். ஜனவரி பிறந்ததுமே எடுத்தால் தடைக்காலம் தொடங்கும்போது அட்டை முடிந்திருக்கும்.

வங்கிப் பக்கம் என்ன இருக்கிறது? தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் பி.எம். ஸ்வநிதி கடன் திட்டம் 2020-ல் பத்தாயிரத்தில் தொடங்கியது. 2025-ல் மாற்றியமைத்த பிறகு முதல் கடன் 15,000 வரை, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, அதற்கடுத்து 50,000. தவணை தவறாதவர்களுக்கு வட்டியில் ஏழு சதவீதம் மானியமாகக் கணக்கில் வரும். பதினைந்தாயிரத்தை 12 சதவீதத்துக்கு ஒரு வருடத்தில் கட்டினால் மொத்த வட்டியே ஆயிரத்துக்குள், மானியம் வருவதற்கு முன்பே. மாநகராட்சி தரும் வியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். கிரைண்டர், தையல் மெஷின் போன்றவற்றுக்கு முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவு, 50,000 வரை, ஜாமீன் சொத்து இல்லாமல்.

காகிதத்தில் இவ்வளவு சுலபம். நடப்பில், வங்கிக்குப் போகும் ஒரு காலை என்றால் ஒரு நாள் வியாபாரம் போச்சு, அப்படி நாலைந்து காலை போகும். மேலாளர் முதலில் பார்ப்பது கணக்கில் பணம் வந்து போயிருக்கிறதா என்றுதான். இந்த இடத்தில் க்யூஆர் அட்டை உதவியிருக்க வேண்டும். முழம் பூவுக்குக்கூட இப்போது போனை நீட்டுகிறோம், ஸ்பீக்கர் பெட்டி கத்துகிறது, எல்லாம் பதிவாகிறது. யார் பெயரில்? பல தள்ளுவண்டிகளில் ஒட்டியிருக்கும் க்யூஆர் மகன் பெயரிலோ மருமகன் பெயரிலோ இருக்கிறது, ஸ்மார்ட்போன் அவரிடம் இருப்பதால். ஒரு வருடம் முழுக்க விற்றவர் அம்மா, வங்கிக்குத் தெரிந்த வியாபாரி கல்லூரிக்குப் போகும் பையன். அம்மா கடன் கேட்டுப் போனால் அவர் கணக்கில் காஸ் மானியத்தையும் உரிமைத் தொகையையும் தவிர ஒன்றும் இருக்காது. ஸ்டிக்கரை மாற்ற ஒரு மத்தியானம் போதும், முதலில் செய்ய வேண்டியதும் அதுதான்.

மாதத் தவணை பழகாதவர்களுக்கு 1,300 சொச்சத்தை மாதக் கடைசியில் ஒரே மூச்சில் எடுத்துவைப்பது கஷ்டம், தினம் நூறு கொடுப்பது சுலபம். உண்மைதான். தண்டல் பழக்கத்தையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம், தினம் ஐம்பது ரூபாய் அந்தக் கணக்கிலேயே போட்டுவிட்டால் தவணைத் தேதியில் அதுவே போய்க்கொள்ளும்.

கடைசியாகச் சட்டம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் அதீத வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் இருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது, மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. மிரட்டினால், பொருளைத் தூக்கினால், காவல் நிலையத்திலோ கலெக்டர் அலுவலகத்து மனு நாளிலோ புகார் கொடுக்கலாம். புகாரில் நிற்பது கையில் இருக்கும் ஆதாரம்தான். வாங்கிய அன்று கையில் வந்த தொகை எவ்வளவு என்பதை அட்டையின் பின்பக்கம் தேதியோடு எழுதிவையுங்கள், வாரம் ஒரு தடவை அட்டையை போனில் படம் எடுத்துவையுங்கள். எழுதாத புரோநோட்டிலும் தொகை நிரப்பாத செக்கிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னால் அந்த ஆளிடம் வாங்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் கடைசித் தவணை கட்டும் நாளில் அதைக் கையில் வாங்கிக் கிழித்துவிட்டு, பிறகு அந்த நூறு ரூபாயைக் கொடுங்கள்.